பேட்டரியின் எடை: மின்கார் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

மின்கார் பற்றிப் பேச்சு எழுந்தால் யாரும் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: 'ஒருவாட்டி சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் போகும்?' டீக்கடையிலும் இதுதான், பொருளாதாரப் பத்திரிகைகளிலும் இதுதான். நம் தோழர்கள் வேறு மாதிரி. ஒரு சாரார், மின்கார் வந்தால் புகை ஒழியும், எண்ணெய்க்காக நடக்கும் போர்களும் ஒழியும் என்று நம்புகிறார்கள். இன்னொரு சாரார், 'இதெல்லாம் முதலாளியத்தின் புதுச் சரக்கு, பழைய காருக்குப் பச்சைப் பெயின்ட்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இந்த இரண்டு நிலைப்பாடுகளையும்விட டீக்கடைக் கேள்வி உருப்படியானது என்று எனக்குத் தோன்றுகிறது. அது நேராகப் பேட்டரியிடம் போகிறது. எந்த பேட்டரி, எவ்வளவு பெரியது, அதற்குள் என்ன இருக்கிறது, எந்த மண்ணைத் தோண்டி எடுத்தது என்பதையெல்லாம் விட்டுவிட்டு மின்காரின் எதிர்காலத்தைப் பேச முடியாது.

ஆனால் அந்தக் கேள்விக்கே ஒரு வரலாறு உண்டு. 'போதுமான தூரம்' என்கிறபோது, எது போதும் என்று யார் தீர்மானித்தார்கள், எப்போது? பேட்டரியை எப்போதும் பற்றாக்குறையுள்ள ஒன்றாகவே பார்க்க நாம் எங்கே கற்றுக்கொண்டோம்? இக்குறிப்புகள் அதைப் பின்தொடரும் முயற்சி.

2

மின்காரை நேற்று வந்த பொருளாக நினைப்பது பழக்கமாகிவிட்டது. 1899 ஏப்ரலில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கமீல் ஜெனாட்சி பாரிசுக்கு அருகில் ஓட்டிய வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டியது. சாலை வண்டி ஒன்று அந்த வேகத்தைத் தாண்டியது அதுவே முதல்முறை. அது பேட்டரி வண்டி. 1900இல் அமெரிக்காவில் தயாரான 4192 கார்களில் நீராவியில் ஓடியவை 1681, மின்சாரத்தில் ஓடியவை 1575, பெட்ரோலில் ஓடியவை 936. பெட்ரோலுக்கு மூன்றாவது இடம்தான்.

பிறகு என்ன நடந்தது என்பதற்குப் பாடப்புத்தகங்களில் ஒரு கதையாடல் தயாராக இருக்கிறது. பேட்டரி கனமானது, தூரம் குறைவு, எனவே பெட்ரோல் வென்றது. வலியது வாழும் என்கிற அதே கதைதான். வென்றவர்கள் எழுதும் எல்லா வரலாற்றையும்போல இதுவும், நடந்து முடிந்ததை நடந்தே தீரவேண்டியதாகக் காட்டுகிறது. 1900இல் பெட்ரோல் கார் ஒன்றும் தேறிய பண்டமாக இல்லை. முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். கை முறிந்தவர்கள் உண்டு. சத்தம், நாற்றம், கியர் மாற்றும் அவஸ்தை.

1897இல் நியூயார்க்கில் மின்சார வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கின. பயணி வண்டியை வாங்கவேண்டியதில்லை. ஏறினார், காசு கொடுத்தார், இறங்கிப் போனார். பேட்டரி தீர்ந்த வண்டி கொட்டகைக்குத் திரும்பும். அங்கே ஏறத்தாழ அரை டன் எடையுள்ள பேட்டரிப் பெட்டியை நீரழுத்த எந்திரம் வெளியே இழுத்துப்போட்டு, சார்ஜ் ஏற்றிய இன்னொன்றை உள்ளே தள்ளும். சில நிமிட வேலை. இன்று 'பேட்டரி மாற்று நிலையம்' என்று புதுசுபோல விற்கப்படும் யோசனைக்கு வயது நூற்றிருபதுக்கும் மேல். வில்லியம் விட்னி முதலான டிராம் முதலாளிகள் இதற்குள் நுழைந்து, பல நகரங்களில் ஆயிரக்கணக்கான வண்டிகள் என்று திட்டம் போட்டார்கள். பங்குச் சந்தையில் ஊதிப் பெருக்கினார்கள். 1899 முடிவில் மோசடிக் கடன் விவகாரம் பத்திரிகையில் அம்பலமானது. பராமரிப்புச் சரியில்லாத பேட்டரிகள் சீரழிந்தன. 1907இல் கம்பெனி திவாலானது. வரலாற்றாசிரியர் டேவிட் கிர்ஷ் 2000இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்துவது இதைத்தான்: தோற்றது வெறும் ஈயத் தகடுகள் அல்ல, அவற்றைச் சுற்றிக் கட்டப்பட்ட வணிக அமைப்பும்தான். இன்னொரு வேடிக்கை. இதே மின்வண்டிக் கம்பெனிதான் பெட்ரோல் காருக்கான செல்டன் காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டு பெட்ரோல் கார் செய்கிறவர்களிடம் கப்பம் வாங்கிக்கொண்டிருந்தது. ஹென்றி ஃபோர்டு எதிர்த்து வழக்காடி 1911இல் வென்றார்.

3

தூரத்துக்கு வருவோம். அன்றைய நகரவாசியின் அன்றாடப் பயணம் சில மைல்கள்தான். 1910களில் டெட்ராய்ட் எலக்ட்ரிக் தன் வண்டி ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 80 மைல் போகும் என்று விளம்பரம் செய்தது. கடைக்குப் போக, நண்பரைப் பார்த்துவர அது தாராளம். ஆனால் கார் என்பது கடைக்குப் போகிற வண்டியாகக் கற்பிக்கப்படவில்லை. அதை வாங்கிய பணக்கார ஆணுக்கு அது ஊர் எல்லையைத் தாண்டி ஓட்டிப் பார்க்கிற, வழியில் ரிப்பேர் ஆனால் இறங்கிக் கையை அழுக்காக்கிக்கொள்கிற ஒரு சாகசம். டச்சு வரலாற்றாசிரியர் கைஸ் மோம் அன்றைய காரைச் சாகச எந்திரம் என்றே விவரிக்கிறார். பெட்ரோல் காரின் குறைகள் இந்தச் சொல்லாடலுக்குள் ஆண்மையின் அடையாளங்களாயின. சத்தமில்லாத, சுத்தமான, கைப்பிடி சுழற்றத் தேவையில்லாத மின்கார் 'பெண்களின் வண்டி' என்று ஓரங்கட்டப்பட்டது. ஹென்றி ஃபோர்டு ஊருக்கெல்லாம் பெட்ரோல் கார் விற்றுக்கொண்டிருக்க, அவர் மனைவி கிளாரா ஃபோர்டு ஓட்டியது 1914ஆம் ஆண்டின் டெட்ராய்ட் எலக்ட்ரிக். ஆக, தூரம் என்கிற அளவுகோலே பால்பேதம் கலந்த ஒன்று.

1912இல் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தது. கைப்பிடி போனது. அதன்பிறகு ஒவ்வொரு பெட்ரோல் காரிலும் ஓர் ஈய பேட்டரி ஏறிக்கொண்டது. ஈய பேட்டரிக் கம்பெனிகளுக்கு இதில் நஷ்டமில்லை. பேட்டரி தோற்றது என்பதைவிட, பெட்ரோல் காருக்கு ஏவல் செய்யப் போனது என்பதே சரி. விலையும் சேர்ந்துகொண்டது. 1912 வாக்கில் ஒரு மின்காரின் விலை 1750 டாலர், பெட்ரோல் காரோ 650 டாலருக்குக் கிடைத்தது.

இப்படிச் சொல்வதால் எல்லாமே சொல்லாடல்தான் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். நம்மிடையே அப்படியொரு பழக்கம் வளர்ந்திருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோலில் இருப்பது ஏறத்தாழ 12,000 வாட்-மணி ஆற்றல். ஒரு கிலோ ஈய பேட்டரியில் இன்றைக்கும் 30, 40தான். பெட்ரோல் எஞ்சின் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்குகிறது என்றாலும் இந்த இடைவெளி பெரிது. கருத்தியலைக் கட்டுடைக்கலாம், ஈயத்தின் எடையைக் கட்டுடைக்க முடியாது. ஆனால் அந்த எடை ஒரு பிரச்சினையாவது எப்போது என்பது வண்டியிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இதற்கு அந்தக் காலத்திலேயே இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று எடிசனுடையது. பேட்டரியை மாற்று என்றார். ஈயத்தையும் அமிலத்தையும் விட்டு நிக்கல், இரும்பு, காரக் கரைசல் என்று போனார். 1903இல் விற்பனைக்கு வந்தது. ஒழுகுகிறது, சக்தி இறங்குகிறது என்று 1904இல் திரும்பப் பெற்றார். திருத்திய வடிவம் 1909இல் வந்தது. அது நெடுநாள் உழைத்தது, அடி தாங்கியது. ஆனால் விலை அதிகம், குளிரில் படுத்துக்கொண்டது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதுதான் பேட்டரி வேதியியலின் இயல்பு. எல்லா நலனும் கூடிய பேட்டரி அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மற்ற பதில், உடைமையை மாற்று என்பது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து மின்சாரக் கம்பெனி 1910 முதல் மின்லாரிக்காரர்களுக்கு ஓர் ஏற்பாடு செய்தது. லாரியைப் பேட்டரி இல்லாமல் வாங்கலாம். பேட்டரி கம்பெனியுடையது. தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஓடிய மைலுக்குக் காசு. 1924வரை இது நடந்தது. பேட்டரி எத்தனை ஆண்டு தாங்குமோ என்ற பயம் லாரிக்காரனுக்கு இல்லை. நாள்தோறும் அதே தெருக்கள், இரவில் அதே கொட்டகை என்று ஓடும் வண்டிக்குத் தூரம் ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை.

பேட்டரியே இல்லாத மூன்றாவது பதில் ஒன்று நம் ஊரிலேயே ஓடியது. சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895இல், நியூயார்க்கின் மின்வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. டிராமுக்கு மின்சாரம் வழியிலிருந்தே கிடைக்கிறது. அது எதையும் சுமக்க வேண்டியதில்லை. வண்டி தன் வழியில் தனியாகத் திரிய வேண்டும் என்கிறபோதுதான் ஆற்றலையும் தூக்கிக்கொண்டு திரிய நேர்கிறது. 1953இல் சென்னை டிராம் நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. மின்வாகனம் என்றாலே பேட்டரி என்று ஆகிவிட்டதில் இந்த மறதிக்கும் பங்குண்டு.

4

1990இல் கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் ஓர் ஆணை போட்டது. அங்கே விற்கும் பெரிய கார்க் கம்பெனிகளின் வண்டிகளில் 1998இல் 2 சதவீதமும் 2003இல் 10 சதவீதமும் புகையே விடாதவையாக இருக்க வேண்டும். கம்பெனிகள் எதிர்த்தன, 1996இல் ஆணை தளர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் ஈவி-1 என்ற மின்காரை வெளியிட்டது. விற்கவில்லை, குத்தகைக்கு மட்டும் விட்டது. முதலில் ஈய பேட்டரி. 1999இல் நிக்கல்-உலோக ஹைட்ரைடு பேட்டரி வந்து தூரத்தைக் கணிசமாகக் கூட்டியது. மொத்தம் ஆயிரத்து நூறுக்குச் சற்று மேற்பட்ட வண்டிகள். பிறகு கம்பெனி அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டது, ஓட்டியவர்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று கெஞ்சியும் பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டது. ஹைட்ரைடு பேட்டரியைச் செய்த கூட்டு நிறுவனத்தில் ஜெனரல் மோட்டார்சுக்கு இருந்த பங்கு டெக்சாகோவுக்குப் போனது. 2001இல் டெக்சாகோவை செவ்ரான் விழுங்கியது. அதாவது, கார் பேட்டரிக்கான முக்கியமான காப்புரிமைகளில் ஓர் எண்ணெய்க் கம்பெனி கைவைத்து உட்கார்ந்தது.

இங்கே பேட்டரி தோற்றதா? பாடப்புத்தகம் அப்படித்தான் எழுதும்.

5

இன்றைய மின்கார்களின் லித்தியம் பேட்டரி எண்ணெய்க் கம்பெனியிலேயே பிறந்தது என்பது இன்னொரு முரண். 1973 எண்ணெய் நெருக்கடியை ஒட்டிய ஆண்டுகளில் எக்சான் ஆய்வகத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் தொடங்கினார். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைக் கண்டடைந்தார். 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ அதைப் பத்திரமாகப் பயன்படுத்த வழிசெய்தார். 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு.

இதன் வேலை எளிமையானது. அடுக்கடுக்கான கோபால்ட் ஆக்சைடின் இடுக்குகளில் லித்தியம் அயனிகள் குடியிருக்கும். சார்ஜ் ஏற்றும்போது எதிர்ப்பக்கத்துக் கரிப்பொருளுக்குப் போகும், ஓடும்போது திரும்பி வரும். கோபால்ட் அந்த அடுக்குகள் சரியாமல் பிடித்து நிற்கிறது. வீடியோ கேமராவுக்கும் கைபேசிக்கும் தேவைப்பட்டது சில கிராம் கோபால்ட். அதே குடும்பத்து வேதியியலைக் காருக்குக் கொண்டுவந்தபோது கிராம் கிலோவானது.

மாற்று இல்லாமல் இல்லை. 1980களின் இறுதியில் டெக்சாசில் குட்இனஃபோடு வேலை செய்த ஆறுமுகம் மந்திரம், ஆக்சைடுக்குப் பதிலாக இரும்பின் சல்ஃபேட் போன்ற சேர்மங்களை ஆராய்ந்தார். தமிழ்நாட்டின் தென்கோடிக் கிராமம் ஒன்றில் பிறந்து மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். 2019இல் முதிய குட்இனஃபின் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் இவரே. அந்தத் திசையில் போன ஆய்வு 1997இல் அதே ஆய்வகத்திலிருந்து லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைக் கொண்டுவந்தது. கோபால்ட் வேண்டாம், நிக்கல் வேண்டாம். இரும்பும் பாஸ்பேட்டும் போதும். எளிதில் தீப்பிடிக்காது, பலமுறை சார்ஜ் ஏற்றலாம், மலிவு. குறை என்னவென்றால், நிக்கல்-கோபால்ட் வகைச் செல் கிலோவுக்கு 250 வாட்-மணி அளவை எட்டும் இடத்தில் இது 160, 180 என்று நிற்கிறது. குளிரில் மந்தம். அதாவது, தூரம் குறைவு.

நம் ஊர்க்காரர் என்று பெருமைப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. 1997இலிருந்து இப்படியொரு மாற்று கையில் இருந்தும் மேற்கத்திய மின்கார்கள் ஏறத்தாழ கால் நூற்றாண்டு கோபால்ட்டிலும் நிக்கலிலுமே போயின. தொழில்நுட்பக் காரணங்களும் காப்புரிமைத் தகராறுகளும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் முக்கியமான காரணம் பழைய அளவுகோல்தான். பெட்ரோல் கார் போகிற தூரம் போகாவிட்டால் அது கார் இல்லை. இரும்பு பேட்டரி முதலில் பெரிய அளவில் ஓடியது காரில் அல்ல, பேருந்தில். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவில் தன் பேருந்துகள் அனைத்தையும், 16,000க்கும் மேல், மின்சாரத்துக்கு மாற்றியது. அவற்றில் பெரும்பாலானவை இரும்பு பாஸ்பேட் பேட்டரி வண்டிகள். பேருந்துக்குத் தன் தூரம் தெரியும், இரவில் திரும்பும் டிப்போவும் தெரியும். ஹார்ட்ஃபோர்டு லாரிகளின் பாடம்தான் இது. பேட்டரி மலிவாகி, கார்களும் இதற்குத் திரும்பியது 2020க்குப் பிறகு. 2024இல் உலகின் மின்வாகன பேட்டரிகளில் ஏறத்தாழ பாதி இவ்வகை என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை.

6

கோபால்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவிலான தேர்வை வெறும் பொறியியல் தேர்வாக நம்மால் பார்க்க முடியாததற்குக் காரணம் காங்கோ. உலகின் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அங்கிருந்து வருகிறது. மின்காரும் பெட்ரோல் காரும் போட்டியிட்ட அந்த முதல் காலத்திலும் காங்கோ இருந்தது. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. முதலில் சைக்கிளும் பின்பு காரும் ரப்பருக்கு அலைந்தன. 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்த பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு, ரப்பர் அளவு குறைந்த கிராமங்களை எரித்தார், அவருடைய படை கைகளை வெட்டியது. ரோஜர் கேஸ்மென்ட்டின் 1904 அறிக்கை அதை உலகுக்குச் சொன்னது. எந்த எஞ்சின் சிறந்தது என்று நியூயார்க்கிலும் பாரிசிலும் விவாதம் நடந்தபோது, இரு தரப்பு வண்டிகளுக்கும் அடியில் சுழன்ற சரக்கு விவாதத்தில் வரவில்லை.

1906இல் கடாங்காவின் செம்பை அள்ள யூனியன் மினியேர் கம்பெனி தொடங்கப்பட்டது. ஹிரோஷிமா குண்டுக்கான யுரேனியத்தில் பெரும்பகுதி அந்தக் கம்பெனியின் ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்து போனது. 1961இல் லுமும்பா கொல்லப்பட்டது அதே கடாங்காவில். 2016இல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனலும் ஆஃப்ரிவாட்ச்சும் வெளியிட்ட அறிக்கை, கோல்வெசிச் சுற்றுப்புறத்தில் கையால் குழிதோண்டிக் கோபால்ட் எடுப்பவர்களையும் அவர்களிடையே இருந்த குழந்தைகளையும் பற்றியது. தென் காங்கோவின் சுரங்கங்களில் ஏறத்தாழ 40,000 சிறுவர் சிறுமியர் வேலை செய்வதாக 2014இல் யுனிசெஃப் மதிப்பிட்டிருந்தது.

'அப்படியானால் கோபால்ட்டை விட்டொழித்தால் முடிந்தது' என்று ஒரு தோழர் சொன்னார். முடியாது. காங்கோவின் கோபால்ட் செம்போடு கலந்து வருவது. கோபால்ட் வேண்டாம் என்று உலகம் சொன்னாலும், மின்மயமாகும் உலகுக்குச் செம்பு வேண்டும். செம்பைத் தோண்டினால் கோபால்ட் தானாக வரும். வந்து குவிந்து விலை விழும். விலை விழுந்தால் பெரிய சுரங்கம் செம்பில் ஈடுகட்டிக்கொள்ளும், கையால் தோண்டுகிறவனுக்கு அன்றைய கூலி போகும். 2025 பிப்ரவரியில் காங்கோ அரசு கோபால்ட் ஏற்றுமதியையே நிறுத்திவைத்தது. அக்டோபரில் அளவுக் கட்டுப்பாட்டோடு திறந்தது. தன் மண்ணின் விலையைத் தானே நிர்ணயிக்க ஒரு காலனிய நாடு இன்றும் படும் பாடு இது. அந்த ஆதாயம் கோல்வெசிக் குழிகளுக்கு இறங்குமா என்பது அங்குள்ள அரசியலைப் பொறுத்தது.

இரும்பு பாஸ்பேட்டும் பாவமறியாப் பண்டம் அல்ல. உலகின் பாஸ்பேட் இருப்பில் மிகப் பெரும்பங்கு மொராக்கோவின் கையில். அது ஆக்கிரமித்திருக்கும் மேற்கு சஹாராவின் பூ க்ரா சுரங்கமும் இதில் அடக்கம். உரத்துக்கும் அதே பாஸ்பேட்தான். தேய்ந்த பேட்டரியில் விலைபோகும் உலோகம் குறைவு என்பதால் பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்ய யாருக்கும் ஆசையில்லை. மூலப்பொருள் தயாரிப்பு ஏறத்தாழ முழுவதும் சீனாவில்.

ஏழைகளின் பேட்டரி எது? வட இந்திய நகரங்களில் பெருகிய மின் ரிக்‌ஷாக்கள் பெரும்பாலும் ஈயத்தில்தான் ஓடத் தொடங்கின. ஓரிரு ஆண்டில் தேயும் ஈய பேட்டரி பழைய சாமான் கடைக்குப் போய், கொல்லைப்புற உலைகளில் உருகுகிறது. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் அபாய அளவில் இருப்பதாக யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020இல் சொல்லின. அந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் தெற்காசியர்கள். பேட்டரி பழசாகும் மூலக் காரணங்களில் பெட்ரோல் கார், லாரி, வீட்டு இன்வெர்ட்டர் எல்லாம் உண்டு. எனவே ரிக்‌ஷாக்காரரைக் குற்றவாளியாக்க வேண்டாம். பேட்டரியின் சுமை எங்கே போய் இறங்குகிறது என்பதற்குக் காங்கோவரை போகத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

7

2024இல் உலகில் விற்ற மின்கார்கள் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல். விற்ற கார்களில் ஐந்தில் ஒன்றைத் தாண்டிவிட்டது. சீனாவில் ஏறத்தாழ பாதி. ஆகவே மின்கார் வருமா வராதா என்கிற விவாதம் தேவையில்லை. எப்படிப்பட்டதாக வரும் என்பதில்தான் நாம் தலையிட இடமிருக்கிறது. 2021 முடிவில் அமெரிக்காவில் வெளிவந்த மின்சார ஹம்மர் வண்டியின் பேட்டரி மட்டும் 1300 கிலோவுக்கு மேல். இரண்டு மாருதி 800 கார்களின் எடை. அதில் ஏறும் மின்சாரம் 200 யூனிட்டுக்கும் அதிகம். நம் ஊர் மின்சார ஆட்டோ ஒன்றுக்கு எட்டு, ஒன்பது யூனிட் போதும். சாகச எந்திரம் என்ற பழைய ஆசை பெட்ரோலை விட்டு பேட்டரிக்குக் குடிபெயர்ந்தால் இப்படித்தான் ஆகும். ஒரு ஹம்மர் தின்பதில் இருபது ஆட்டோக்கள் ஓடும். எண்ணெயை எதிர்த்த நியாயம் இந்த வண்டிக்குப் பொருந்தாது. 'பச்சைப் பெயின்ட்' என்கிற தோழர் இதைக் காட்டித்தான் பேசுகிறார். ஆனால் ஷென்ஜென் பேருந்தையும் ஹம்மரையும் ஒரே வரியில் தள்ளுபடி செய்வது, வேறுபாடுகளைப் பார்க்க மறுக்கும் சோம்பல்.

2025 ஜூனில் சென்னையில் 120 மின்பேருந்துகள் வியாசர்பாடி டிப்போவிலிருந்து ஓடத் தொடங்கின. டிராம் நின்று 72 ஆண்டுகளுக்குப் பிறகு அரசுப் போக்குவரத்தாக மின்சாரம் மறுபடி தெருவுக்கு வந்தது. ஆனால் வண்டியும் பேட்டரியும் தனியாருடையவை. ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசுக் கழகம் கொடுக்கிறது. ஹார்ட்ஃபோர்டில் 1910இல் கண்ட ஏற்பாட்டின் சாயல் இதில் இருக்கிறது. நியூயார்க்கில் 1899இல் கண்டதன் சாயலும் வந்துவிடக்கூடும். எந்த வழியில் போகும் என்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதை யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த பேட்டரிக்குள் என்ன உலோகம், எங்கே வாங்கியது, ஆயுள் முடிந்ததும் யார் பொறுப்பில் எங்கே போகும், ஓட்டுநருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? தொழிற்சங்கத் தோழர்களும் சூழலியல் தோழர்களும் தனித்தனிக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருக்கும் இந்த விஷயங்கள் எல்லாம் அந்த ஒரே டிப்போவில் ஒன்றாக நிற்கின்றன.

'எவ்வளவு தூரம் போகும்?' என்று டீக்கடையில் கேட்டவரிடம் திருப்பிக் கேட்கலாம்: உங்களுக்கு எவ்வளவு தூரம் போகணும்? பெரும்பாலானவர்களின் பதில் வேலைக்குப் போய் வீடு திரும்புகிற தூரம்தான். அதற்கு 1300 கிலோ தேவையில்லை.